தொட்டில் கட்டும் முன்

சென்ற இதழில் ஒரு வாசகி, "பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் என்னவெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். "வாங்குவதைவிட வெளியே எடுத்துப் போட வேண்டியதுதான் அதிகம்" என்று ஒரே வரியில் எழுதினேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. இந்த முறை பகுதி முழுக்க அவர்களுக்குத்தான்.

கே: முதல் குழந்தை, ஐந்தாம் மாதம். எதைப் படித்தாலும் அதில் நஞ்சு, இதில் நஞ்சு என்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டு எங்கே ஓடுவது? (சேலம்)

ப: ஓட வேண்டாம், வரிசை போடுங்கள். வரிசை போட்டுவிட்டால் பயம் வேலையாக மாறிவிடும், வேலையை முடித்துவிடலாம்.

என் வரிசையில் முதல் இடம் காரீயத்துக்கு. 2020-ல் யுனிசெஃப், ப்யூர் எர்த் அமைப்போடு சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பிள்ளைகளுக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்பது அதன் கணக்கு. அதில் மிகப் பெரிய பங்கு நம் நாட்டுப் பிள்ளைகள். 'இவ்வளவு வரை இருந்தால் பாதகமில்லை' என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் சொல்லவில்லை. பெரியவர் குடலைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு, தரையில் தவழ்ந்துவிட்டுக் கையை வாயில் வைப்பதும் குழந்தைதான்.

இரண்டாவது பாதரசம். மூன்றாவது வீட்டுக்குள் எழும் புகை. நான்காவது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பாட்டில்கள். இந்த நாலையும் முடியுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கே: குழந்தை வருவதற்குள் அறைக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். சுவரில் யானை, மயில் எல்லாம் வரையப்போகிறாராம். சரிதானே? (மதுரை)

ப: யானையும் வரட்டும், மயிலும் வரட்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது மட்டும் நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

என் தங்கையின் வளைகாப்புக்கு முந்தைய வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயின்ட்டர் ஜன்னல் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் அந்தக் காலத்து மஞ்சள் எனாமல் என்று மூன்று தலைமுறை நிறம் அங்கே உரிந்துகொண்டிருந்தது. தேய்த்த தூள் தரையில் மாவுபோலப் படிந்திருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கை அதன் மேலேயே நடந்து வந்து அவருக்குக் காபி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சுத்தமாக இருக்கட்டும் என்று விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினாள். ஜன்னல் வழியே விழுந்த வெயில் கீற்றில் அந்தத் தூள் எழுந்து மிதந்ததைப் பார்த்தேன். தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே மிதந்தது. அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், காரீயம் தாராளமாகக் கலந்திருந்தது. ஆகவே ஆபத்து புது டப்பாவைவிடப் பழைய கதவிலும் ஜன்னலிலும் கிரில்லிலும்தான் அதிகம்.

பழைய பூச்சு உரியாமல் இருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே அடிக்கச் சொல்லுங்கள். உரிந்திருந்தால் தண்ணீர் விட்டு நனைத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்த உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுக்க வேண்டும். புது டப்பா வாங்கும்போது, காரீயம் சேர்க்காதது என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏழாம் மாதத்துக்குள் வேலையை முடித்துவிட்டால் வாடை போக நேரம் கிடைக்கும். பெயின்ட்டருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். மாலையில் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள அவர் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கும்.

கே: நாலு பிள்ளை பெற்றேன். நாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. இப்போது என் மருமகள் எதைத் தொட்டாலும் கூடாது கூடாது என்கிறாள். நாங்கள் வளர்க்கவில்லையா? (திருநெல்வேலி)

ப: வளர்த்தீர்கள் அம்மா, அருமையாக வளர்த்தீர்கள். உங்கள் கேள்வியிலேயே இந்த நஞ்சின் சூட்சுமம் இருக்கிறது. 'நன்றாகத்தான் இருக்கின்றன' என்று பார்த்ததும் தெரியும். இன்னும் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பது தெரியாது.

அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பாஸ்டன் அருகே பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பல்லைக் கேட்டு வாங்கினார். நாம் கூரைமேல் வீசி எறிகிற அதே பால்பல்தான். எலும்பைப் போலப் பல்லிலும் காரீயம் தங்கிவிடும். பல்லில் காரீயம் அதிகமாக இருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். அவர்களைத்தான் ஆசிரியர்களும் 'கவனம் நிற்காத பிள்ளைகள்' என்று அதிகம் குறித்திருந்தார்கள். 1979-ல் அவர் இதை வெளியிட்டார். அந்தப் பிள்ளைகளில் யாரும் நோயாளியாக இல்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. கணக்கில் கொஞ்சம் மந்தம், சேட்டை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 'அவன் சுபாவம் அப்படி' என்று எந்த வீட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

உங்கள் பிள்ளைகள் வளர்ந்தபோது பெட்ரோலிலேயே காரீயம் கலந்திருந்தது. நம் நாட்டில் 2000-ல்தான் அது முழுதாக நின்றது. உங்கள் பேரப்பிள்ளைக்கு அந்தப் புகை இல்லை. மிச்சத்தைக் குறைக்க மருமகள் ஒருத்தியால் ஆகாது, நீங்களும் வேண்டும். வெளியிலிருந்து வந்தவரைக் கை கால் கழுவாமல் குழந்தையைத் தொடவிடாத வழக்கம் உங்களுடையது. இன்றைக்கு நிபுணர்கள் சொல்வதும் அதைத்தான்.

கே: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். ஈயம் விஷம் என்றால் எங்கள் பாட்டி தொண்ணூறு வயது எப்படி இருந்தார்? (கும்பகோணம்)

ப: பாட்டியின் சொம்பு வெள்ளீயம். நான் மேலே பேசியது காரீயம். பெயரில் ஒட்டு, குணத்தில் எட்டாத தூரம். ரசத்துக்கு வாசனை கொடுப்பது வெள்ளீயம், மூளையைக் கெடுப்பது காரீயம். வித்தியாசம் தெரிந்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. கடைத்தெருவில்தான் இரண்டும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லாகிவிட்டன.

சிக்கல் இங்கேதான். வெள்ளீயத்துக்கு விலை அதிகம், காரீயம் மலிவு, இரண்டும் எளிதில் உருகிக் கலக்கும். கலந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே கதைதான். ரசத்தில் புளி இருக்கிறது, சூடு இருக்கிறது. உலோகத்தைக் கரைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? நம்பகமான ஆய்வகத்தில் சோதித்த சொம்பு என்றால் சரி. இல்லையென்றால் கர்ப்பகாலத்திலும், குழந்தை வீட்டுச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கிய பின்னும் சொம்பு பரணில் இருக்கட்டும். எவர்சில்வரில் ரசம் வைத்தால் வாசனை கொஞ்சம் குறையும். மிளகைக் கூடத் தட்டிப் போடுங்கள்.

பழைய உலோகத்தை உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பாத்திரங்களிலும் கவனம் தேவை. நாம் இண்டாலியம் என்கிறோமே, அந்த வகைப் பாத்திரங்களில் சிலவற்றிலிருந்து உணவில் காரீயம் இறங்குகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, பால் மூன்றையும் அதில் வைக்காதீர்கள்.

கே: மஞ்சளிலும் கலப்படமாமே? மஞ்சள் ஊர்க்காரன் கேட்கிறேன். (ஈரோடு)

ப: மஞ்சள் மேல் பழி இல்லை, மெருகு மேல்தான். கிழங்கு பளபளவென்று தெரிய லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுவது சில இடங்களில் நடந்திருக்கிறது. காரீயமும் குரோமியமும் சேர்ந்த பொருள் அது. வங்கதேசத்தில் ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய், கடைசியில் மஞ்சள் டப்பாவில் வந்து நின்றார்கள். 2019-ல் அந்நாட்டுச் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் காரீயம் இருந்தது. அரசு, மஞ்சள் ஆலைகளில் சோதனை போட்டது, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது, மக்களிடம் எடுத்துச் சொன்னது. 2021-ல் அது பூஜ்யமாகிவிட்டது. இரண்டே வருஷம்! முடியாது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

'தூள் வேண்டாம், விரலி வாங்கி அரைத்துக்கொள்' என்பது பாதி யோசனைதான், பூச்சு விரலியிலும் இருக்கலாம். கையில் எடுத்தால் மஞ்சள் பொடி அப்பிக்கொள்கிற, கண்ணைப் பறிக்கிற கிழங்கை விட்டுவிட்டு, மங்கலான, மெருகேற்றாத விரலியை வாங்குங்கள். உங்கள் ஊரில் விளைவித்தவரிடமே வாங்க முடியும். அந்தக் கொடுப்பினை சென்னைக்காரர்களுக்கு இல்லை.

கே: குழந்தைக்குக் கண்மை? (நாகர்கோவில்)

ப: வேண்டாம். சில மைகளிலும் சுர்மாவிலும் காரீயத்தின் சல்ஃபைடுதான் மூலப்பொருள். கண்ணைக் கசக்கிய கை அடுத்த நொடி வாய்க்குள் போகும். திருஷ்டி பயம் இருந்தால் ஜவ்வரிசியைக் கருக வறுத்து வீட்டிலேயே காய்ச்சிய சாந்தில் ஒரு பொட்டு, அதுவும் உள்ளங்காலில்.

கே: பிறக்கும் குழந்தைக்குச் சுற்ற, பாட்டியின் பட்டுச்சேலையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கப்போகிறோம். பாச்சை உருண்டை வாடைக்கு என்ன செய்வது? (காரைக்குடி)

ப: வாடைக்காக இல்லை, உயிருக்காகவே கேட்க வேண்டிய கேள்வி இது. பாச்சை உருண்டை பெரும்பாலும் நாஃப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் நம்மிடையே உண்டு; பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தை நாஃப்தலின் ஆவியைச் சுவாசித்தாலோ, அது ஏறிய துணி உடம்பில் பட்டாலோ, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள்காமாலை ஏறும். பிறந்த சில நாட்களில் காமாலை எல்லை மீறினால் மூளையைத் தொடும்.

சேலையைப் பாட்டி கட்டிக்கொள்ளட்டும், பிள்ளை தூரத்திலிருந்து பார்க்கட்டும். தூளிக்கும் போர்த்தவும் பல முறை துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தி வேட்டிக்கு ஈடில்லை, அதுவும் உருண்டை போட்ட பெட்டியில் இருந்ததாக இருக்கக் கூடாது. பிரசவத்துக்கு முன்பே அலமாரியிலும் குளியலறையிலும் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி வெளியே போடுங்கள். அது மிட்டாய் மாதிரியே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். கற்பூரமும் அப்படித்தான், ஒரு வில்லையை விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். பூஜை அலமாரிக்கு ஒரு கொக்கி போடுங்கள்.

கே: குளிப்பாட்டியதும் சாம்பிராணி, சாயங்காலம் கொசுவத்தி. இரண்டும் இல்லாமல் முடியுமா? (கடலூர்)

ப: முடியும். தலை துவட்ட ஒரு மெல்லிய துண்டு, கொசுவுக்கு ஒரு வலை. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்தது. குழந்தை தூங்கும் மூடிய அறையில் அத்தனை சிகரெட்டைப் பிடிக்க எந்த அப்பாவையும் நீங்கள் விடமாட்டீர்கள்.

கே: பால் ஊற சுறாப்புட்டு சாப்பிடச் சொல்கிறார்கள். கடற்கரை ஊர், தினமும் மீன் கிடைக்கும். (ராமநாதபுரம்)

ப: மீன் சாப்பிடுங்கள், அவசியம் சாப்பிடுங்கள். குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில் இருக்கிறது. எந்த மீன் என்பதுதான் விஷயம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை இன்னும் பெரியது தின்னும்; பாதரசம் மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். அந்த ஏணியின் உச்சியில் இருப்பது சுறா.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஆலைக் கழிவிலிருந்து பாதரசம் மீனுக்குள் போனது. 1956-ல் நோய் வெளியே தெரிந்தது. அங்கே மருத்துவர்களைத் திகைக்க வைத்த ஒன்று உண்டு. அறிகுறியே இல்லாத, இருந்தாலும் லேசாக மட்டுமே இருந்த தாய்மார்களுக்குக் கடும் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தன. நச்சுக்கொடி தடுத்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். பாதரசம் அதைத் தாண்டிக் குழந்தைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

நம் கடல் மினமாட்டா இல்லை. ஆனாலும் வயிற்றிலும் மடியிலும் பிள்ளை இருக்கிற இந்த இரண்டு வருஷம் சுறாவை விடுங்கள். பெரிய சூரையும் தினமும் வேண்டாம். நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி மூன்றும் விலையும் குறைவு, சத்தும் நிறைவு. பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி வாய் வைத்து உறிஞ்சுவதால். நெத்திலியைப் புட்டாகக் கிண்டினாலும் புட்டுதான்.

கே: பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருக்கிறதே, வைத்துக்கொள்ளலாமா? (திண்டுக்கல்)

ப: உங்கள் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது மனதைத் தொடுகிறது. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, ஊரின் காயலான் கடையில் கிடந்தது வெளியே வந்து, 2001-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு வர 2016 ஆகிவிட்டது.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். பழையதை உடைக்காமல் மூடி போட்ட டப்பாவில் வைத்து, மருத்துவமனைக் கழிவோடு வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். உடைந்துவிட்டால், குழந்தையையும் கர்ப்பிணியையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் முத்துகளை ஒன்றுசேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து மூடி வையுங்கள். விளக்குமாறும் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம்.

கே: சளிக்கு எந்த சிரப் நல்லது? முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்று பார்க்கிறேன். (திருச்சி)

ப: எதையும் வாங்கி வைக்காதீர்கள்.

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்ததாக நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையே சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தித்திப்பான நஞ்சு அது, அதனால் குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். இதே நஞ்சு 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது, 1972-ல் சென்னையில் குழந்தைகளைக் கொன்றது, 2022-ல் காம்பியாவில் கொன்றது. ஒவ்வொரு முறையும் உரிய சோதனை இல்லாமலே மருந்து வெளியே வந்திருந்தது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

பெற்றோர் கையில் இருக்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு: இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் கொடுக்கவே வேண்டாம் என்பதும், ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்பதும் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. சாதாரண சளி தானாகப் போகும். தாய்ப்பால், வெதுவெதுப்பு, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கே: பால் பாட்டிலில் 'பிபிஏ இல்லை' என்று போட்டிருந்தால் நம்பலாமா? (கோவை)

ப: பிபிஏ என்ற வேதிப்பொருள் இருக்காது, பிளாஸ்டிக் இருக்கும். பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் சூடான நீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு ஒரு கோடியே 60 லட்சம் வரை நுண்துகள் உதிர்கிறது என்று 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் எண்ணிப் பார்த்தார்கள். தாய்ப்பாலுக்குப் பாட்டிலே தேவையில்லை. கறந்து கொடுக்க நேர்ந்தால் எவர்சில்வர் பாலாடை இருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டிலேயே அதில்தான் புகட்டுகிறார்கள்.

கே: மண்ணெண்ணெய், ஆசிட், எலி மருந்து. எங்கே வைப்பது? (விழுப்புரம்)

ப: மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் வாங்கிய டப்பாவிலேயே, பெரியவர் தலைக்கு மேல், பூட்டோடு. எலிப்பசை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, குழந்தைக்கு அது பற்பசை.

விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

கே: இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது. விட்டுவிடட்டுமா? (தர்மபுரி)

ப: விடாதீர்கள். உடம்பில் இரும்பும் கால்சியமும் குறைந்தால் அந்தக் காலி இடத்தில் காரீயம் ஏறி உட்காரும். அதைவிட ஒன்று: சின்ன வயதில் உங்கள் எலும்பில் தங்கிய காரீயம், கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது ரத்தத்துக்கு வந்து குழந்தைக்குப் போகும். கால்சியம் போதுமான அளவு இருந்தால் எலும்பு அவ்வளவு கரையாது. குமட்டினால் ராத்திரி படுக்கும் முன் போட்டுப் பாருங்கள், கால்சியத்தை வேறு வேளைக்கு மாற்றுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், வேறு வகை தருவார்கள்.

கே: பேட்டரி கடையில் வேலை. பழைய பேட்டரியைப் பிரித்துத் தட்டு மாற்றுவேன். அடுத்த மாதம் குழந்தை. அதைத் தூக்கவே கூடாதா? (அம்பத்தூர்)

ப: தூக்குங்கள் தம்பி, ஆசை தீரத் தூக்குங்கள். பத்து நிமிஷம் தாமதமாக.

நீங்கள் கையாளும் தட்டு காரீயம். அதன் தூள் சட்டையில், தலைமுடியில், செருப்பில், வண்டி சீட்டில் வீடு வரை வரும். கடையிலேயே மாற்றுடை வையுங்கள். அங்கேயே முகம் கை கால் சோப்புப் போட்டுக் கழுவி, முடிந்தால் தலைக்கும் ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். வேலைச் செருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. வேலைத் துணியை மனைவி உதற வேண்டாம். தனி வாளியில் நனைத்து நீங்களே துவையுங்கள், குழந்தைத் துணியோடு சேர்க்காதீர்கள். பழைய பேட்டரி எதையும் 'கொல்லைப்புறத்தில் பிரித்துக்கொள்ளலாம்' என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நீங்களும் மனைவியும் ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பெரிய ஆய்வகங்களில் செய்கிறார்கள். 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலாளியிடம் கையுறையும் மாஸ்க்கும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இன்றைக்கே வைத்துப் பழகுங்கள். ஒரு மாதம் இருக்கிறது.